கிரகணம் விட்டதும் மோட்டார் போடாதீர்கள்

போன வாரம் ஜெரினா போன் செய்தது. நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்த பிள்ளை; ராமேஸ்வரம் தீவில் எங்கள் துணைமின் நிலையத்தில் ஷிப்ட் ஆபரேட்டர்.

"அண்ணே, 2027 ஆடி அமாவாசைக்கு எனக்குத்தான் டூட்டியாம். இப்பவே சொல்லிட்டாக."

"ஏன், வேற ஆளே இல்லையா?"

"அன்னைக்குச் சூரிய கிரகணமாம்ல. 'ஒனக்கென்னம்மா, நீ கிரகணத்துக்குக் குளிக்கவா போற'ங்குறாக. எங்க அத்தா கிரகணத் தொழுகைக்குப் போவாக, அது யாருக்குத் தெரியுது?"

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. என்னிடமும் இதையேதான் சொன்னார்கள், முப்பது வருஷத்துக்கு மேலாக. எங்கள் நிலையத்தில் வேதக்காரன் நான் ஒருத்தன்தான். கிரகணம் பிடித்தால் மற்றவர்கள் வீட்டை விட்டு வெளியே வரமாட்டார்கள், விடும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது, விட்ட பிறகு தலைக்குக் குளிக்க வேண்டும். ஆகவே அந்த ஷிப்ட் அந்தோணிக்கு. பதிலுக்கு கிறிஸ்மஸும் ஈஸ்டரும் அந்தோணிக்கு லீவு. யாரும் பேசி முடிவு செய்ததில்லை, யாரும் ஒரு தடவைகூட மீறியதும் இல்லை.

"சிரிக்காதீகண்ணே. கூட்டத்துல சோலார் உற்பத்தி எறங்கும், உசாரா இருங்கன்னு மட்டுந்தான் பேசுனாக. நம்ம நெலையத்துல என்ன செய்யணும்?"

சோலார் இறங்குவது மேலே உள்ளவர்கள் கணக்கு. கமுதிப் பக்கம் பரப்பி வைத்திருக்கிற தகடுகளில் எத்தனை மணிக்கு எவ்வளவு குறையும் என்று அவர்கள் நிமிஷ சுத்தமாகச் சொல்லிவிடுவார்கள். நம் கணக்கு வேறு. சூரியன் முழுசாகத் திரும்பி வந்த பிறகு மனுஷன் என்ன செய்வான் என்பது. அதைப் போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வேலைக்கு வந்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். என் அய்யா கடலுக்குப் போனவர். நானும் போனேன், கரை மறைவதற்குள் குடல் வெளியே வந்துவிடும். "இவன் மீனுக்குத் தீனி போடத்தான் வாரான்" என்று வள்ளத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். பத்தாவதோடு படிப்பு நின்றது. மின்துறையில் எடுபிடியாகச் சேர்ந்து இரண்டு வருஷம் உப்புத்தான் துடைத்தேன். தீவில் காற்றே உப்பு. பீங்கான் இன்சுலேட்டரில் அது படிந்து, பனி விழுந்தால் பொறி பறக்கும். சப்ளையை நிறுத்திவிட்டு ஏறி ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். துடைத்துக்கொண்டே கேள்வி கேட்பேன். லைன்மேனைக் கேட்பேன், பொறியாளரைக் கேட்பேன், வந்து போகிற லாரி டிரைவரையும் விடமாட்டேன். அப்படிக் கேட்டுக் கேட்டே ஆபரேட்டர் ஆனேன்.

ஆனால் வேலை என்றால் என்ன என்று காட்டியவர் கோமதி மேடம்.

2009 கிரகணத்துக்குக் கொஞ்சம் முன்னால் உதவிப் பொறியாளராக வந்தார். நயினார்கோவில் பக்கம் விவசாயக் குடும்பம். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அவர் கையில் இருந்த ஆயுதம் ஒரே ஒரு சொல்தான். லைனில் ஆள் ஏறப் போகிறார் என்றால், பேனலைத் தொடுவதற்கு முன்னால் முழுவதையும் வாயால் ஒப்பிக்க வேண்டும். எதிரே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"பிரேக்கரத் தொறந்து சப்ளைய நிப்பாட்டுவேன் மேடம்."

"அப்புறம்?"

"மீட்டர் சைபருக்கு வந்திருச்சான்னு பாப்பேன்."

"அப்புறம்?"

"யார்டுக்குப் போயி லைனத் தனியாப் பிரிக்கிற ஐசோலேட்டரத் தொறப்பேன். மூணு கத்தியும் வெலகியிருக்கான்னு கண்ணால பாப்பேன்."

"அப்புறம்?"

"எர்த் போடுவேன். பூட்டிச் சாவிய எங்கிட்ட வச்சுக்கிட்டு, ஆள் வேலை செய்யிறாகன்னு பலகைய மாட்டுவேன். அதுக்கப்புறந்தான் லைன்மேனுக்குச் சரின்னு சொல்லுவேன்."

"அப்புறம்?"

"அம்புட்டுத்தான் மேடம்."

"வேலை முடிஞ்சதும் ஏறுனவுக எல்லாரும் எறங்கியாச்சான்னு எண்ண மாட்டீகளா அந்தோணி?"

இப்படித்தான். பதில் தீர்ந்துபோகிற இடத்தில்தான் ஆபத்து இருக்கும் என்பது அவர் கொள்கை. நாங்கள் பின்னால் 'அப்புறம் மேடம்' என்று பேர் வைத்தோம். அது அவருக்கும் தெரியும். ஒருநாள் லைன்மேன் முத்துராக்கு வாய் தவறி நேரிலேயே அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றான். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சரி, அப்புறம்?" என்றார்.

2009 ஆடி. விடியற்காலைக் கிரகணம். நைட் ஷிப்ட் முடிந்தும் நான்தான் இருந்தேன். காலை ஷிப்ட் ஆள் குளித்துவிட்டுத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டார். சூரியன் கடலிலிருந்து எழும்போதே ஓரம் இல்லாமல்தான் எழுந்தது, யாரோ கடித்து வைத்த அப்பம் மாதிரி. எங்கள் ஊருக்கு அது முழுக் கிரகணம் இல்லை, துண்டுக் கிரகணம்தான். ஊருக்குள் போகிற மின்பாதையை நாங்கள் டவுன் ஃபீடர் என்போம். அதன் மீட்டர் முள் தரையோடு கிடந்தது. மிக்ஸி இல்லை, கிரைண்டர் இல்லை, டிவி ஒன்றிரண்டு. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது.

கிரகணம் விட்டது. முள் எழுந்தது. எழுந்தது என்றால், அது அப்படி எழுந்து நான் பார்த்ததே இல்லை. டீ டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பிரேக்கர் 'டம்' என்று விழுந்து ஊருக்குச் சப்ளை நின்றுவிட்டது.

முறைப்படி செய்தேன். பிரேக்கரை விழச் செய்கிற ரிலேயில் எந்தக் கொடி விழுந்திருக்கிறது என்று பார்த்தேன்: ஓவர் கரண்ட், அளவுக்கு மேல் இழுத்திருக்கிறது. அந்தக் கொடியை ஏற்றிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, ஒரே ஒரு தடவை சப்ளை கொடுத்துப் பார்த்தேன். மறுபடி 'டம்'. இரண்டாம் தடவை விழுந்தால் தொடக் கூடாது. எங்கேயோ கம்பி அறுந்து கிடக்கிறது என்று அர்த்தம், ஆள் போய்ப் பார்க்க வேண்டும். முத்துராக்கு சைக்கிளில் முழு லைனையும் பார்த்துவிட்டு வந்தான்.

"அண்ணே, லைன் சுத்தமா இருக்கு. ஊருந்தான் சுத்தமாகிக்கிட்டு இருக்கு."

கோளாறு குளியலறையில்! கோமதி மேடம் வந்து என்னை உட்கார வைத்து "அப்புறம்?" போட்டுத்தான் விஷயத்தை வெளியே எடுத்தார். குளிக்கிறார்கள். அப்புறம்? கிரகண நேரத்தில் மாடித் தொட்டியில் நின்ற தண்ணீர் தீட்டு. அதை அப்படியே திறந்துவிடுகிறார்கள். அப்புறம்? காலித் தொட்டியை நிரப்ப மோட்டார் போடுகிறார்கள். எல்லா வீடும், எல்லா லாட்ஜும், ஒரே நிமிஷத்தில். மோட்டார் கிளம்பும்போது ஓடுகிறதைவிடப் பல மடங்கு இழுக்கும். கரண்ட் போனதும் சுவிட்சை யாராவது அணைத்தார்களா? இல்லை. வரட்டும் என்று போட்டபடியே விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அதனால் எத்தனை தடவை கொடுத்தாலும் அத்தனை மோட்டாரும் சேர்ந்து கிளம்பி, திரும்ப விழத்தான் செய்யும்.

"அடுத்து எப்ப மேடம் வரும்?" என்று கேட்டேன்.

"எது? அடுத்த கிரகணமா, இதே கிரகணமா?" என்றார்.

இதே கிரகணம் திரும்ப வருமா என்று வாயைப் பிளந்தேன். அப்போது அவர் சொன்ன கணக்கை நான் இன்றைக்கும் ஆட்களைப் பிடித்து வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"பஸ் ஸ்டாண்டுல நயினார்கோவில் வண்டி, சிக்கல் வண்டி, டவுன் வண்டி மூணும் ஒண்ணா நிக்கிதுன்னு வைங்க. ஒவ்வொண்ணும் சுத்தி வர்ற நேரம் வேற. ஆனா என்னைக்காவது மூணும் திரும்ப ஒண்ணா வந்து நிக்கும்ல? நிலாவுக்கும் அப்படித்தான். அமாவாசை ஒரு சுத்து, நிலா பாதை சூரியன் பாதையத் தாண்டுற எடம் ஒரு சுத்து, நிலா கிட்ட வந்து தூரப் போறது ஒரு சுத்து. மூணும் ஒண்ணா வந்து நிக்க பதினெட்டு வருஷம், பத்துப் பதினோரு நாள், அதுக்கு மேல எட்டு மணி நேரம். அப்ப இதே மாதிரி இன்னொரு கிரகணம் வரும். ஒரே குடும்பம்."

"அந்த எட்டு மணி நேரம் எதுக்கு மேடம்?"

"அதுலதான் இருக்கு. எட்டு மணி நேரத்துல பூமி மூணுல ஒரு பங்கு திரும்பிரும். அதனால இங்க விழுற நெழல் வேற எங்கயோ போயி விழும்."

எட்டு மணி நேரம் என்றால் எங்களுக்கு ஒரு ஷிப்ட். எனக்கு அந்த நிமிஷமே பிடிபட்டுவிட்டது. கிரகணமும் மூன்று ஷிப்ட் வேலை பார்க்கிறது. இந்தத் தடவை காலை ஷிப்டில் வந்த குடும்பம், அடுத்த தடவை பிற்பகல் ஷிப்டில் வரும். அதற்கடுத்த தடவை நைட் ஷிப்ட்; நமக்குச் சூரியனே இல்லை, அமெரிக்காக்காரன் பார்ப்பான். மூன்று ஷிப்டும் முடிந்து திரும்பக் காலைக்கு வர ஐம்பத்து நாலு வருஷம். பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 2009-லிருந்து ஐம்பத்து நாலு கழித்தால் 1955. அந்த வருஷம் காலையில் கடலில் இருந்த என் அய்யா, இலங்கைப் பக்கம் வானத்தில் இருட்டு சுவர் மாதிரி எழுந்து நின்றதென்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதே குடும்பம்தான். ஒரு மனுஷன் சர்வீசில் ஒரே கிரகணத்தை ஒரே ஷிப்டில் இரண்டு தடவை பார்க்க முடியாது என்பது அன்றைக்கு எனக்கு உறைத்தது. நான் கற்றதை நான் பயன்படுத்த வழியில்லை. அடுத்த ஆளிடம் கொடுத்தால்தான் உண்டு.

ஆனால் வேறு வேறு குடும்பங்கள் இடையிடையே வந்துகொண்டே இருக்கும். ஆறு மாதத்திலேயே ஒன்று வந்தது. 2010, பொங்கலுக்கு மறுநாள், உச்சி வேளையில் வளையக் கிரகணம். கறுப்புக் கண்ணாடியோடு எங்கெங்கிருந்தோ கூட்டம். கோமதி மேடம் ஆட்டோவில் மைக் கட்டி முந்தின நாளே அறிவிக்கச் சொன்னார்: கிரகணம் விட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் மோட்டார் போட வேண்டாம், மின்தடை ஏற்படும்.

நாங்கள் செய்த பெரிய உபகாரம் அது! கிரகணம் முழுசாக விடுவதற்கு முன்பே ஃபீடர் விழுந்துவிட்டது. டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"நீங்க மைக்ல சொன்னீகள்லண்ணே, கரண்டு போகும்னு. போறதுக்கு முன்னாடி ஏத்திருவோம்னுதான் எல்லாரும் முந்திக்கிட்டோம்" என்றார், நன்றியோடு.

அதற்கப்புறம் கோமதி மேடம் மாற்றலாகிப் போனார். 2019 கிரகணத்துக்கு இருந்த அதிகாரி சுருக்கு வழி கண்டுபிடித்தார். கிரகணம் விடுவதற்கு முன்பே ஃபீடரை நாமே நிறுத்திவிடுவது. பிறகு தெருத் தெருவாகப் பிரித்துக் கொடுப்பது. ஊர் திட்டியது, ஆனால் பிரேக்கர் விழவில்லை. அதுவே நடைமுறை ஆகிவிட்டது.

இனி 2022. என் சர்வீசில் கடைசிக் கிரகணம். தீபாவளிக்கு மறுநாள், சூரியன் மறைகிற நேரம்.

தீபாவளிக்கு நாலைந்து நாள் இருக்கும்போது கண்ணன் நிலையத்துக்கு வந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன், கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே வரத் தயங்கினான். அவன் அம்மா பாக்கியம் அக்காவை ஊரில் தெரியாதவர்கள் இல்லை. கோயில் பக்கம் சிப்பி மாலை, சங்கு வளையல் விற்றவர். கொரோனா வந்து மதுரையில் கிடந்து பிழைத்து வந்தார், நுரையீரல் பாதி போய். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ராத்திரி பகலாக ஓடுகிறது.

"அண்ணே, கிரகணத்தன்னைக்கு கரண்ட நிப்பாட்டுவீகளா?"

"போன தடவ நிப்பாட்டுனோம்ப்பா. ஒரு மணி, ஒண்ணரை மணி நேரம் ஆகும்."

"சிலிண்டர் ஒண்ணு இருக்கு. அது அம்புட்டு நேரம் தாங்காது. புதுசுக்கு ராமநாதபுரத்துல சொல்லியிருக்கேன், தீவாளி கழிச்சுத்தான் வண்டி வருமாம். அம்மாவத் தூக்கிட்டு அலையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு." தலையைக் குனிந்துகொண்டான். "நிப்பாட்டாம இருக்க முடியாதாண்ணே?"

நிறுத்தாவிட்டால் தானாக விழும். விழுந்தால் 2009 மாதிரி எத்தனை மணி நேரமோ. நிறுத்தினால் ஒன்றரை மணி. எப்படிப் பார்த்தாலும் பாக்கியம் அக்காவின் மெஷின் நிற்கும். அவர் வீடு டவுன் ஃபீடரில், லாட்ஜுகளுக்கு நடுவில்.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். மூக்கில் குழாயோடு கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"வாலே அந்தோணி. நுரையீரலு போயிருச்சுன்னு பாக்க வந்தியா? வாயி போகலைல, அதப் பாரு."

விஷயத்தைச் சொன்னேன். மோட்டார்கள், பிரேக்கர், எல்லாவற்றையும். நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"இது கல்யாண வீட்டுப் பந்திதானலே. மொதப் பந்திக்கே ஊரு மொத்தமும் விழுந்தா எலை எங்குட்டுப் பத்தும்? ரெண்டாம் பந்தி, மூணாம் பந்தின்னு உக்கார வையி."

"சொன்னாக் கேக்க மாட்டாகக்கா. 2010-ல சொல்லித்தான் மோசம் போனோம். தொட்டித் தண்ணி தீட்டாகிருச்சுன்னு தொறந்து விட்டுட்டு, ஒடனே ரொப்பணும்னு நிப்பாக."

"ஏன் தீட்டாகுது? குடத்துத் தண்ணிக்கு என்ன செய்றோம்? மாவுச் சட்டிக்கு, ஊறுகாய்க்கு என்ன செய்றோம்? ஒரு தர்ப்பையக் கிள்ளிப் போட்டா ஒண்ணும் ஆகாதுல்ல. தொட்டியிலயும் போடுறது?"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருஷக் கிரகண டூட்டி. இத்தனை வருஷம் சுவிட்சுப் பக்கமே நின்று யோசித்திருக்கிறோம். தொட்டி மதியமே நிரம்பி, தண்ணீர் தீட்டுப்படாமல் இருந்துவிட்டால், யாருக்கும் எந்த அவசரமும் கிடையாது. தொட்டியிலிருந்தே குளிக்கலாம். மோட்டாரை மெதுவாகப் போடலாம்.

கோமதி மேடம் அந்த வருஷம் பதவி உயர்ந்து எங்கள் பக்கமே திரும்பி வந்திருந்தார். சொன்னேன்.

"நல்லாயிருக்கு. அப்புறம்?"

"பெரியவுகளா யாராச்சும் சரின்னு சொன்னா ஊரு கேக்கும் மேடம். புரோகிதரப் பாப்போம்."

"அப்புறம்? அப்படியும் ஃபீடர் விழுந்தா?"

"சிலிண்டர் இருக்கு."

"சிலிண்டர் தீந்தா?"

 அவரே போனை எடுத்து, அன்றைக்கு அந்தத் தெரு முனையில் ஆம்புலன்ஸ் நிற்க ஏற்பாடு செய்தார். இன்னொன்றும் செய்தார். இருட்டுகிற நேரம் என்பதால் தெருவிளக்குச் சுமையும் சேரும். அன்று ஒரு நாள் விளக்கைத் தாமதமாகப் போட ஊர் நிர்வாகத்திடம் சொல்லி வாங்கினார். மேலதிகாரி ஒருவர் போனில், "துண்டுக் கிரகணம்மா இது, சூரியனோட ஓரத்தத்தான் தொடுது. இதுக்கா இவ்வளவு?" என்று கேட்டாராம். "கிரகணம் கால்வாசின்னு யாரும் கால்வாசி குளிக்கிறதில்ல சார்" என்று சொல்லிவிட்டு என்னிடம் வந்து சிரித்தார்.

"இது வயசான குடும்பம் அந்தோணி. கிரகணக் குடும்பம் சின்னத் துண்டாப் பொறந்து, நடு வயசுல முழுக் கிரகணமாகி, கடைசியில திரும்பத் துண்டாத் தேஞ்சு மறையும். ஆயிரத்துச் சொச்ச வருஷ ஆயுசு. இந்தக் குடும்பத்துல இனிமே வர்றதெல்லாம் துண்டுதான்."

இதைப் பாக்கியம் அக்காவிடம் சொன்னேன். "கெழட்டுக் கிரகணமா? அப்ப என்னைய ஒண்ணுஞ் செய்யாது. நாங்க ரெண்டு பேரும் ஒரு சோடு" என்றார்.

புரோகிதர் வெங்கிட்டு ஐயர் நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மோட்டாருக்குச் சாஸ்திரம் கேட்டுண்டு வந்த முதல் ஆள் நீதான்ப்பா. அதுவும் கழுத்துல சிலுவையோட!"

"தப்பாங்க சாமி?"

"குடத்துக்குச் சரின்னா தொட்டிக்கும் சரிதான். குடம் வளர்ந்தா தொட்டி. ஆனா மூடியத் திறந்து உள்ள போடணும். மூடி மேல வெச்சுட்டு வந்துடப்படாது, சொல்லிட்டேன்." கட்டுக் கட்டாகத் தர்ப்பையை எடுத்துக் கொடுத்தார். யாராவது சந்தேகம் கேட்டால் தன்னிடம் அனுப்பச் சொன்னார்.

தீபாவளியன்று காலையிலிருந்து நானும் முத்துராக்குவும் மாடி மாடியாக ஏறினோம். முந்தின நாளே பெரும்பாலான வீட்டில் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் நேரில் போனால்தான் நடக்கும். ஒவ்வொரு வீட்டிலும் முறுக்கு, அதிரசம். வேண்டாம் என்றால் தர்ப்பையை வாங்க மாட்டேன் என்கிறார்கள். மதியத்துக்குள் வயிறு பீப்பாய் ஆகி, ஏணிப்படி என்னைத் தாங்குமா என்று முத்துராக்குவுக்குக் கவலை வந்துவிட்டது. ஒரு அம்மா, "வேதக்காரரு வந்து தர்ப்பை போடுறாரு. கிரகணமே பயந்து ஓடிரும் போ" என்று அடுத்த மாடிக்குக் கத்திச் சொன்னார். ராத்திரி என் மனைவி மேரி, "ஞாயித்துக்கெழமை பூசைக்கு மாடிப்படி ஏறச் சொன்னா முட்டி வலிங்கிறது. தர்ப்பைக்கு மட்டும் வலிக்காதா?" என்று கேட்டுவிட்டுத் தைலம் தேய்த்துவிட்டாள்.

ஏறிய இடத்தில் எல்லாம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். நாளைக்கு மதியமே தொட்டிய ரொப்புங்க. தர்ப்பையப் போடுங்க. கிரகணம் விட்டதும் நல்லாக் குளிங்க, ஆனா மோட்டாரத் தொடாதீக. உங்க தெருவுக்கு எந்தப் பந்தின்னு சொல்லி வச்சிருக்கோம், அப்பப் போடுங்க. யாருக்காக என்று கேட்டால் பாக்கியம் அக்கா பேரைச் சொன்னேன். மைக்கில் 'மின்தடை ஏற்படும்' என்று சொன்னபோது முந்திக்கொண்ட அதே சனம், "அந்தக்காவுக்காகவா? சொல்லியிருக்கலாம்ல மொதல்லயே" என்றது.

மறுநாள் மாலை. மேற்கே மேகம், கிரகணத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் என்ன, பஞ்சாங்கம் சொன்னால் போதும். கண்ணன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், சிலிண்டரைத் திறக்கிற சாவி கையில். நான் பேனலுக்கு முன்னால். கோமதி மேடம் என் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு.

விடுகிற நேரம் வந்தது. முள் கொஞ்சம் எழுந்தது. நின்றது. ஊரெல்லாம் குளித்துக்கொண்டிருக்கிறது, முள் நிற்கிறது! என் மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. வந்த மூச்சு முடிவதற்குள் முள் மறுபடி ஏற ஆரம்பித்தது. ஒரு தாவல். இன்னொரு தாவல். வீட்டு மோட்டார் அப்படித் தாவாது.

"லாட்ஜு மேடம். பெரிய மோட்டாரு."

"எந்த லாட்ஜு?"

அத்தனை மேனேஜர்களும் தலையாட்டியிருந்தார்கள். ஒரே ஒருவர்தான் ரொம்ப வேகமாகத் தலையாட்டினார். பேரைச் சொன்னேன். என் கை அறியாமல் பிரேக்கர் பக்கம் போயிருந்தது. அதுவாக விழுந்தால் திரும்பச் சப்ளை கொடுப்பது கஷ்டம். நாமே நிறுத்தினால் ஒன்றரை மணியோடு போகும். பழகிய கை, பழகிய யோசனை.

"கைய எடுங்க அந்தோணி" என்றார் மேடம். சத்தமாகக்கூட இல்லை. போனில் மேனேஜரைப் பிடித்தார்.

"மோட்டார் ஓடுதா சார்?... கெஸ்ட் கேட்டாக, சரி. அப்புறம்?... தொட்டியத் தொறந்து விட்டுட்டீக. அப்புறம்?... இப்ப ஃபீடர் விழுந்தா ஒங்க கெஸ்டும் இருட்டுலதான் நிப்பாக, அப்புறம்?... ஒங்க பக்கத்துத் தெருவுல ஒரு அம்மா மூச்சு இந்த லைன்லதான் ஓடுது. அப்புறம்?"

நாலாவது அப்புறத்துக்கு மேனேஜர் போனை வைத்துவிட்டார். பிரேக்கர் விழுகிற அளவுக்கு நூலிழை தூரத்தில் முள் துடித்துக்கொண்டிருந்தது. பிறகு முள் கீழே இறங்கியது. ஓடிய பெரிய மோட்டார் எல்லாவற்றையும் அந்த மேனேஜர் நிறுத்தியிருக்க வேண்டும். அதைப் பார்த்துப் பக்கத்து லாட்ஜுக்காரர்களும் நிறுத்தியிருக்கலாம். அது எனக்கு இன்றுவரை தெரியாது. ஃபீடர் விழாமல் தாங்கிவிட்டது. முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று தெருத் தெருவாக முத்துராக்கு சைக்கிளில் போய்ச் சொல்லிக்கொண்டே வந்தான். தெருவிளக்கும் போட்டாயிற்று.

ஆகவே ஜெரினா, உனக்குச் சொல்வது இதுதான். 2027-ல் வருவது அந்தக் கிழட்டுக் குடும்பம் இல்லை. 2009-ல் என்னைக் காலை ஷிப்டில் அடித்ததே, அதே குடும்பம், நல்ல நடு வயசில், பிற்பகல் ஷிப்டுக்கு வருகிறது. நமக்குத் துண்டுதான், ஆனால் ஆடி அமாவாசைக் கூட்டம் தீவு முழுக்க இருக்கும். ஒரு பக்கம் சோலார் இறங்கும், ஒரு பக்கம் விளக்கு நேரம் நெருங்கும், நடுவில் குளியல். பேனலைப் பார்த்துக்கொண்டு உட்காராதே. ஆடி பிறந்ததும் மாடி ஏறு. லாட்ஜுகளில் வேகமாகத் தலையாட்டுகிறவரை இரண்டு தடவை பார். அந்தத் தேதிக்கு யார் வீட்டில் மெஷின் ஓடுகிறது என்று இப்போதே விசாரித்து வை. ஊருக்கு ஒரு பேர் வேண்டும். முட்டி வலி இருக்கத்தான் செய்கிறது, ஆனாலும் நானும் வருவேன். தர்ப்பைக்கு ஐயரிடம் சொல்லியாகிவிட்டது.

ஒன்று விட்டுப்போச்சு. அன்று மாலை எல்லாம் அடங்கிய பிறகு என் போன் அடித்தது. கண்ணன் நம்பர்.  பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் முதலில் கேட்டது, அப்புறம்தான் குரல்.

"ஏலே அந்தோணி."

"சொல்லுங்கக்கா."

"தெருவுல எல்லாருங் குளிச்சாச்சு. கண்ணன் சுடுதண்ணி வச்சுத் தொடச்சு விடுறேங்குறான். தொட்டியில தண்ணி எறங்கிப் போச்சாம். நான் மோட்டாரப் போடவிடல." மூச்சு வாங்கினார். "எனக்கு எந்தப் பந்திலே?"

நான் திரும்பி மேடத்தைப் பார்த்தேன். அவர் மீட்டரைப் பார்த்தார்.

"போடச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். ஒற்றை வீட்டு மோட்டாருக்கு அந்த முள் அசையாது. அது எனக்கும் தெரியும், மேடத்துக்கும் தெரியும். ஆனாலும் நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.